‘நடு வரிசை’க்கு உறவு பார்த்துச் சொன்னவள்

“அந்தப் பொண்ணோட அரங்கேற்ற ஆட்டத்தை நீ பாராட்டினதுக்கு ஒரே காரணம், அவங்க அம்மா குடுத்த கேசரி!” என்று ராகினி கத்தினாள்.

“கேசரி நல்லா இருந்துச்சு, ஆட்டமும் நல்லா இருந்துச்சு. ரெண்டும் வேற வேற லா!” என்று மயூரன் அதற்கு மேலே கத்தினான்.

“ஆட்டமா அது? உடுப்பு மாத்தின நேரத்தைக் கழிச்சுட்டா மிச்சம் என்ன இருக்கு? அம்மா பேச்சு, டீச்சர் பேச்சு, டத்தோ பட்டம் வாங்கினவர் பேச்சு!”

“சரி, இதை மைக்குல சொல்லு பாப்போம். நாளைக்குக் கோயில்ல அவங்க அம்மா முகத்துல முழிக்கப்போறது யாரு?”

எங்கள் வீட்டுக் காத்தாடி பழையது. ஓடினால் லொடலொடவென்று ஒரே சத்தம். அதனால் பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் நான் அதை நிறுத்திவிடுவது வழக்கம். பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் சீரியல் பார்க்க வேர்க்காமலா உட்கார்ந்திருக்கிறார்கள்?

அன்றைக்குச் சுவரை யாரோ தட்டினார்கள். “வடிவக்கா! காத்தாடி நின்னுருச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, அந்தப் பொண்ணு யாருக்குச் சொந்தம்?” மயூரன்தான்.

கூப்பிட்டுக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. “அவ அப்பா கோயில் பொருளாளருக்கு மச்சான். அடக்கி வாசி,” என்றேன் சுவரைப் பார்த்து.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்படித்தான் நான் கலை விமர்சனத்துக்குள் காலடி வைத்தேன்.

அண்ணனும் தங்கையும் நடத்திய அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் ‘நடு வரிசை’. மயூரன் அதை வலையொலி என்பான், ராகினி போட்காஸ்ட் என்பாள். அதற்கே ஒரு சண்டை நடக்கும். முன் வரிசை பிரமுகர்களுக்கு, பின் வரிசை விசிலடிக்கிறவர்களுக்கு, உண்மையைப் பார்க்கிறவன் நடு வரிசையில் உட்காருவான் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. மயூரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, ராகினி ஒரு வக்கீல் ஆபீசில். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒருவருக்கு ஒருவர்தான். ஆகவே மாடி அறையில் எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டைகளை ஒட்டி, மைக்கை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் உலகத்தைத் திருத்தினார்கள். சீரியல் மாமியார் ஏன் அட்டிகையோடு தூங்குகிறாள், பினாங்கு வெயிலில் உள்ளூர்ப் பாடகன் ஏன் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு பாடுகிறான், பக்திப் பாட்டுக் காணொளியில் சாமியைவிட டிரோனுக்கு ஏன் அதிக வேலை என்றெல்லாம் ஆராய்ச்சி. நடுநடுவே ‘படிமம்’, ‘கட்டுடைத்தல்’ என்று நாலு சொல் போடுவார்கள். அர்த்தம் தெரியாது என்பது சொல்லும் விதத்திலேயே தெரியும். ஆனால் நன்றாகப் பேசுவார்கள். பொய் சொல்லக்கூடாது.

பினாங்கில் ஒரு சிக்கல் உண்டு. சிலோன் தமிழர் நாங்கள் கைப்பிடி அளவு. மேடையில் ஏறுகிற எவனும் யாருக்காவது மருமகன், யாருக்காவது ஒன்றுவிட்ட தம்பி. முன்பு ஒரு நாடகத்தில் ராஜாவின் பொய்முடியைப் பற்றி மயூரன் ஏதோ சொல்லிவிட்டான். ராஜாவாக நடித்தவன் ராகினியின் முதலாளி அம்மாவுக்கு அண்ணன் மகன். கொஞ்ச நாள் ஆபீசில் அவளுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு பதிவையும் வெளியிடுமுன் என்னிடம் கொண்டு வந்தார்கள். ராகினி வருவாள், கையில் சந்து முனையில் பொரிக்கிற பிசாங் கோரேங், வாழைப்பழம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். நான் கேட்பேன். “இது யாருமில்லை, விடு.” “இவன் தைப்பிங் நடராசா குடும்பம், அந்த வரியை வெட்டு.” “இவன் மாமனாரோடு சண்டை. நல்லா வாரு, மாமனார் சந்தோஷப்படுவார்.”

அவர்கள் இதை ‘உறவு பார்க்கிறது’ என்றார்கள். பெண் கொடுக்கத்தான் உறவு பார்ப்பார்கள். திட்டுவதற்கு உறவு பார்த்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். “அக்கா இல்லன்னா நாங்க பினாங்குல நடமாட முடியாது,” என்பாள் ராகினி. நிகழ்ச்சியில் என் பெயரைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு தடவை கேட்டேன். சிரித்தாள்.

பிறகு ராகினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அருணன். அமைதியான பையன், பெர்த்தில் வேலை கிடைத்திருந்தது. தாலி கட்டியதும் விமானம். நல்ல இடம், எனக்குத் தெரிந்த குடும்பம்தான். அருணனின் அம்மா செல்வநாயகியும் நானும் கோயிலில் ஒன்றாகப் பூக்கட்டுகிறவர்கள். அப்பா விஸ்வலிங்கம் அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் பந்தி ஆறிப்போகும் வரை விடமாட்டார். அப்படிப் பேசினவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. நிச்சயத்தன்று மருமகளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ராகினி அவர் குரலைக் கேட்டதே கிடையாது.

நிச்சயத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காத்தாடியை நிறுத்தியிருந்தேன்.

“பெர்த்துலேருந்து நெட்டுல பதிவு பண்ணலாம்,” என்றாள் ராகினி. “அங்க போய்ட்டா யாரு யாருக்கு மச்சான்னு பாக்க வேண்டாம் லா. மனசுல பட்டதைச் சொல்லலாம். வடிவக்காவுக்கும் ரெஸ்ட்.”

மயூரன் என் குரலில் பேசிக் காட்டினான். “‘அவன் பெரியப்பாவோட சகலைக்குச் சம்பந்தி. அடக்கி வாசி!’”

நன்றாகவே பேசினான். எனக்கே நான்தானோ என்று தோன்றியது. இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கலைஞர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று அவர்களே அடிக்கடி சொல்வார்கள். நான் எழுந்து துணி மடித்தேன்.

அந்த வாரமே செல்வநாயகி வந்தாள். முகத்தில் ஒரு பிரகாசம். கதவைச் சாத்தச் சொன்னாள்.

“வடிவு, அவர் பாடுறார்,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“பேச்சு வராது, ஆனா பாட்டு வருது. சிகிச்சை குடுக்குற பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. மூளையில பேச்சு ஒரு பக்கமாம், பாட்டு வேற பக்கமாம். முந்தாநேத்து காப்பி வேணும்னு ராகத்துல கேட்டார், வடிவு. நான் சட்டியைக் கீழ போட்டுட்டேன். இப்ப பாடிப் பாடி ஒண்ணு ரெண்டு வார்த்தை சும்மாவும் வருது.”

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவர் தாமே ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். கல்யாணமான புதிதில் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் இவளைக் கூட்டிவந்ததைப் பற்றி. அருணன் அதைப் பதிவு செய்து, ‘நீலக்கடல் நேசன்’ என்ற பெயரில் இணையத்தில் போட்டு, நடு வரிசைக்கும் அனுப்பிவிட்டான். எல்லாம் அவர் பிடிவாதம்.

“மாமனார்னு தெரிஞ்சா மருமகள் பொய்யாப் புகழுவா, யாருன்னு தெரியாமச் சொல்லட்டும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். அவங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டா, கல்யாணத்துல மேடை ஏறிப் பாடுவாராம். இல்லன்னா இனிமே வாயே திறக்கமாட்டாராம். நீதானே அவங்களுக்கு ஆளு பாத்துச் சொல்ற? பேரு சொல்லாத. வயசான மனுஷன், உடம்பு முடியாதவர், மெதுவாச் சொல்லுங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை போட்டுடு. உன்னைத்தான் நம்பியிருக்கேன்.”

“அதுக்கென்ன, செல்வா,” என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம், பதிவுக்கு முன்பே ராகினி பாட்டைக் கொண்டு வந்து போட்டாள்.

“யாரோ நீலக்கடல் நேசனாம். படம் கிடையாது, விவரம் கிடையாது. யாருக்கா இது?”

கேட்டேன். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வந்தன. ‘ர’ எல்லாம் கரைந்துபோயிருந்தது. ஆனால் சுருதி விலகவில்லை. ஒரு இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டு, விட்ட சொல்லை மறுபடி பொறுக்கியெடுத்து முடித்தார். நன்றாக இருந்தது. எனக்குக் காது உண்டு. விமர்சனம் வராதே தவிர, நல்லது எதுவென்று தெரியும்.

“சுங்கைப் பட்டாணி ஊர்ப் பையன் ஒருத்தன்,” என்றேன். “குடிச்சவன் மாதிரி வாயைக் கோணிப் பாடுறதுதான் இப்ப ஃபேஷனாம். யாருக்கும் சொந்தமில்லை. நல்லா வாருங்க.”

ராகினி உடனே எழுந்திருக்கவில்லை. “அந்த மூச்சு வாங்குற இடம் மட்டும் என்னமோ பண்ணுதுக்கா. பாவமா இருக்கு.”

“அதுதான் நடிப்பு. அதைப் பிடிச்சுச் சொல்றதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?”

இதைக் கேட்டதும் அவள் முகத்தில் விமர்சகர் களை வந்துவிட்டது. நிமிர்ந்து போனாள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. சம்பந்தி வீட்டில் கொஞ்சம் மனக்கசப்பு வரும், கல்யாணம் தள்ளிப்போகும், பெர்த் தள்ளிப்போகும். என்னை விட்டுவிட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குப் புரியும். அடுத்த சனிக்கிழமை மறுபடி என்னிடம் வருவார்கள். ஒரு நிகழ்ச்சியின் தரத்தைக் காப்பாற்ற இதற்குமேல் ஒருத்தி என்ன செய்யமுடியும்?

வெட்டாத பதிவு எனக்கு வந்தது. வழக்கம்போல் கேட்டேன். “வெட்ட ஒண்ணுமில்லை. அப்படியே போடு,” என்று பதில் அனுப்பினேன்.

அது வெளியான ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகி என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. விஸ்வலிங்கம் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், ஒலிபெருக்கிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் கட்லட்டும் தேத்தண்ணியும். அருணன் போனை இணைத்தான்.

முதலில் மயூரன் வந்தான். “நேசன் தம்பி பல் டாக்டர்கிட்டேருந்து நேரா ஸ்டுடியோவுக்கு வந்துட்டார் போல. ஊசி இன்னும் தெளியல!”

அண்ணன் சிரித்தார். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு ராகினி அந்தப் பெர்ரி வரியை எடுத்து, ‘ர’ இல்லாமல், இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினாள். “தம்பி, பெர்ரி கரைக்கு வந்துருச்சு லா, உங்க வார்த்தைதான் இன்னும் நடுக்கடல்ல நிக்குது!” மயூரன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அந்த மூச்சு வாங்கும் இடத்தை அவள் இரண்டு தடவை செய்து காட்டினாள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.

அண்ணன் கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட பிள்ளைபோல. அருணன் எழுந்து போனை அணைத்தான். நான் பாதி கடித்த கட்லட்டைக் கையில் வைத்திருந்தேன். திரும்பத் தட்டில் வைக்க முடியாது. சாப்பிட்டுவிட்டேன்.

வாசல் வரைக்கும் வந்த செல்வநாயகி என் கையைப் பிடித்தாள். “நீ சொல்லலையா வடிவு?”

“சொன்னேன் செல்வா. வயசானவர், முடியாதவர்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். விமர்சனத்துல வயசு பாக்கமாட்டோம்னுட்டாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க.”

இது அவளுக்குப் போதுமாயிருந்தது. வீட்டுக்குள் போய் அப்படியே சொன்னாள்.

அடுத்த நாள் ராகினி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அக்கா, பையன்னு சொன்னீங்களே! அது மாமா அக்கா! அருணனோட அப்பா!”

“ஐயோ,” என்றேன். “எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? சுங்கைப் பட்டாணியில அதே மாதிரி ஒருத்தன் இருக்கானே. குரலை வச்சு நான் என்னத்தைக் கண்டேன்?”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்படவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சீரியலில் வில்லியை முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுகிற பெண் அது.

அருணன் ஒரே ஒரு தடவை வந்து பேசினான். வெளியே வாசல் கேட்டுக்கு அருகில்தான், உள்ளே வரவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

“எனக்குத் தெரியாது அருண்! தெரிஞ்சிருந்தா அப்படிச் சிரிச்சிருப்பேனா?”

“சிரிச்சிருக்கமாட்ட. அதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றான். “அதோட, வயசானவர்னு உங்களுக்குச் சொல்லியும் விட்டிருந்தாங்களாமே.”

“யாரு சொன்னது? யாருமே சொல்லலை!”

“அப்ப எங்கம்மா பொய் சொல்றாங்களா?”

அந்த இடத்தில் யாராவது ஒருவர் என் பெயரை எடுத்திருந்தால் கதை வேறு. அருணன் எடுக்கவில்லை, அம்மாவின் தோழியை இழுக்கவேண்டாம் என்று நினைத்திருப்பான். ராகினி எடுக்கவில்லை, நான் தெரியாமல் சொன்னதற்கு என்னை மாட்டிவிடக்கூடாது என்று நினைத்திருப்பாள். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள். காடியைக் கிளப்பிக்கொண்டு அவன் போய்விட்டான்.

அதற்குப்பிறகு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை. நடுவில் போகவர இருந்தவள் நான் மட்டும்தான். ராகினி ஒரு யோசனை செய்தாள். போனில் யாரும் எடுப்பதில்லை, நேரில் போனால் கதவு திறப்பதில்லை. ஆகவே மாமாவுக்கு மன்னிப்பைப் பதிவு செய்து அனுப்பலாம் என்று. அனுப்புமுன் எங்கே கொண்டு வருவாள்? பழக்கம் விடுமா?

“அக்கா, இதுல யாரு மனசும் நோகாதே? கேட்டுப் பாருங்க. சரின்னா நீங்களே அவங்ககிட்டப் போட்டுக் காட்டுங்க.”

முதல் பதிவில் அழுதிருந்தாள். “அழுதா நடிப்புன்னு நினைப்பாங்க,” என்றேன். அடுத்ததில் அழவில்லை. “கல் மாதிரி இருக்கே,” என்றேன். இன்னொன்றில் மாமாவின் பாட்டையே பாடி, அந்த மூச்சு வாங்கும் இடத்தில் தன் குரலைத் தாழ்த்தி, அவர் விட்ட சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதைக் கேட்டிருந்தால் அண்ணன் பாடியிருப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது. “மறுபடியும் கேலி பண்றியான்னு கேப்பாங்க,” என்றேன். அவள் போனை வாங்கி, என் முன்னாலேயே அதை அழித்தாள். பிறகு பதிவு செய்வதை விட்டுவிட்டாள்.

ஆக, மறைக்க ஒன்றுமில்லை. பாடினவர் யாரென்று தெரிந்துதான் பையன் என்றேன். பாட்டு நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று தெரிந்துதான் வாரச் சொன்னேன். அவர் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். மன்னிப்பு ஒவ்வொன்றும் நல்ல மன்னிப்பு என்பதும் தெரியும். விமர்சகர்கள் தினம் தினம் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு மைக்கு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். நிகழ்ச்சி அதோடு நின்றது. மைக்கைப் பார்த்தாலே ராகினிக்கு வாந்தி வந்ததாம். அவள் கோலாலம்பூரில் வேலை தேடிக்கொண்டு போனாள், கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள் என்று கேள்வி. மயூரன் மிதுஷா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தாசேக் கெலுகோர் பக்கம், அவள் ஊரிலேயே வீடு பார்த்துவிட்டான். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். சினிமா பார்க்கிறாயா என்றால் நேரமில்லை என்கிறான். அருணன் தைப்பிங்கில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்கே போய்விட்டான். அந்தக் கல்யாணத்தில் பாட்டு எதுவும் இல்லை. விஸ்வலிங்கம் அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காப்பி வேண்டுமென்றால் இப்போது குவளையை விரலால் காட்டுகிறார்.

எங்கும் போகாதவள் செல்வநாயகி ஒருத்திதான். வெள்ளிக்கிழமை பூக்கட்டி முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்காருவாள். போன வாரமும் வந்தாள். “அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா அவர் மறுபடி பாடியிருப்பார், வடிவு. கேக்கவே இல்லை பாத்தியா,” என்றாள். “நீயாவது அன்னைக்கு எங்களுக்காகச் சொல்லிப் பாத்தியே. இந்த ஊர்ல உன்னை ஒருத்தியைத்தான் நம்புறேன்.”

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். என்னென்ன குறை இருந்தாலும், ஒருத்தர் வைத்திருக்கிற நம்பிக்கையைக் கெடுக்க மட்டும் எனக்கு மனசு வராது.